முதல் வீடும் சீதன வீடும்: கனடாவில் முதல்முறை வீடு வாங்குவோருக்கான வரிச் சலுகைகள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017இல் கனடாவுக்கு வந்து, அன்று முதல் ரொறன்ரோ மாநகர எல்லைக்குள் இருக்கும் ஸ்காபரோவில் வாடகைக்கு இருக்கும் ஒரு கணவனும் மனைவியும் அங்கேயே 620,000 டொலருக்கு ஒரு பழைய வீட்டை வாங்க ஒப்பந்தம் எழுதியிருக்கிறார்கள். இருவரும் நிரந்தர வதிவாளர்கள். சாவி கைக்கு வர இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. கணவரின் ஆண்டு வருமானம் 80,000 டொலர், மனைவியின் வருமானம் 45,000. முதல்முறை வீடு வாங்குபவர்களுக்கு அரசாங்கம் 10,000 டொலர் கொடுக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதை எப்படிப் பெறுவது என்பது அவர்கள் கேட்டது. கடைசி வரியில், போகிற போக்கில், மனைவியின் பெயரில் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு சீதன வீடு இருக்கிறது, அதனால் ஏதும் சிக்கல் வருமா என்றும் கேட்டிருக்கிறார்கள்.

உண்மையில் பெரிய கேள்வி அந்தக் கடைசி வரிதான். ஆனாலும் 10,000 டொலரிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த எண்ணைப் பற்றிய தவறான எண்ணம் நம்மவர்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

யாரும் உங்களுக்குப் பத்தாயிரம் டொலர் தரப்போவதில்லை. மத்திய அரசின் வருமான வரிப் படிவத்தில் 31270 என்ற எண்ணுள்ள வரிசையில் வீடு வாங்குவோருக்கான தொகை என்று ஒன்று உண்டு. அந்த இடத்தில் நீங்கள் எழுதக்கூடிய உச்சத் தொகைதான் 10,000. அதை அப்படியே உங்கள் வரியிலிருந்து கழிக்க மாட்டார்கள். வருமான வரியின் மிகக் குறைந்த விகிதத்தால் பெருக்கி, வருகிற தொகையைத்தான் கழிப்பார்கள். இந்தச் சலுகை 2009ஆம் ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் அறிமுகமானபோது உச்சத் தொகை 5,000 டொலராகவும் விகிதம் 15 சதவீதமாகவும் இருந்ததால், கையில் நின்றது 750 டொலர். 2022ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் அந்த 5,000த்தை 10,000 ஆக்கியது. அந்த ஆண்டு முதல் வாங்கிய வீடுகளுக்கு 1,500 டொலர் கிடைத்தது. பிறகு 2025 ஜூலை முதல் மிகக் குறைந்த வரி விகிதம் 15இலிருந்து 14 சதவீதமாகக் குறைந்தது. எல்லோருக்கும் வரி குறைந்ததில் மகிழ்ச்சிதான், ஆனால் அதே விகிதத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் இந்தச் சலுகையும் கூடவே இறங்கிவிட்டது. 2025இல் வாங்கிய வீட்டுக்கு 1,450 டொலர், 2026இல் வாங்கும் வீட்டுக்கு 1,400 டொலர் என்பதே இன்றைய கணக்கு.

அந்த 1,400 டொலரும் காசோலையாக வீட்டுக்கு வராது. செலுத்த வேண்டிய வரி இருந்தால்தான் அதிலிருந்து கழிக்கலாம். வரி ஏற்கெனவே சுழியம் என்றால் இதனால் ஒரு சதமும் பயனில்லை, மிச்சத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லவும் முடியாது. ஒரு வீட்டுக்கு மொத்தமாக ஒரே 10,000தான், ஆளுக்கு ஒரு 10,000 அல்ல. கணவனும் மனைவியும் விரும்பியபடி பிரித்து எழுதலாம், ஒருவரே முழுவதையும் எழுதலாம். உங்கள் விடயத்தில் இருவருமே வரி கட்டுபவர்கள் என்பதால் யார் எழுதினாலும் ஒன்றுதான். ஆனால் தாயின் பெயரையும் வீட்டு உறுதிப் பத்திரத்தில் சேர்த்து வீடு வாங்கிவிட்டு, முதியோர் ஓய்வூதியம் மட்டும் பெறும் அந்தத் தாயின் வரிப்படிவத்தில் இதை எழுதி வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுத மறந்துவிட்டாலும் பதறத் தேவையில்லை. பத்து ஆண்டுகள் வரை பின்னோக்கிச் சென்று பழைய படிவத்தைத் திருத்தக் கேட்கலாம், வீடு வாங்கிய ஆண்டின் விகிதப்படி கணக்கிடுவார்கள்.

அமெரிக்காவில் உறவினர் இருப்பவர்களுக்குக் குழப்பம் இன்னும் கூடுதல். அங்கே வீட்டுச் சந்தை சரிந்த காலத்தில், 2008இல் 7,500 டொலர் வரையான ஒரு வரி வரவு, அதாவது கட்ட வேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்ளும் தொகை, கொண்டுவந்தார்கள். அது உண்மையில் பதினைந்து ஆண்டுகளில் திருப்பிச் செலுத்த வேண்டிய வட்டியில்லாக் கடன். 2009இல் அதை 8,000 ஆக்கி, மூன்று ஆண்டுகள் அந்த வீட்டில் இருந்தால் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும், செலுத்த வேண்டிய வரி குறைவாக இருந்தால் மிச்சத்தைப் பணமாகவே கொடுப்போம் என்றும் மாற்றினார்கள். பெரும்பாலானோருக்கு 2010ஆம் ஆண்டோடு அது முடிந்துபோனது. நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சான் அன்று அரசாங்கத்திடம் பணம் வாங்கியது உண்மையாக இருக்கலாம். அந்தக் கதையை வைத்துக்கொண்டு இங்கே கணக்குப் போட முடியாது. அதேபோல, அரசாங்கம் வீட்டு விலையில் 5 அல்லது 10 சதவீதத்தைப் பங்காகப் போடும் என்று 2019இல் தொடங்கிய கனடாவின் கூட்டுப் பங்குத் திட்டமும் 2024 மார்ச் மாதத்தில் மூடப்பட்டுவிட்டது. இன்றும் சிலர் அதை இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இனிச் சீதன வீட்டுக்கு வருவோம். இந்த நாட்டில் "முதல்முறை வீடு வாங்குபவர்" என்ற சொல்லுக்கு ஒரே பொருள் கிடையாது. மத்திய அரசுக்கு ஒரு பொருள், ஒன்ராறியோ மாகாணத்துக்கும் ரொறன்ரோ மாநகரத்துக்கும் வேறொரு பொருள். இரண்டும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு, ஒன்றில் கிடைத்ததால் மற்றதிலும் கிடைக்கும் என்று நம்பியே பலர் தடுக்கி விழுகிறார்கள்.

மத்திய அரசின் வரையறை பெயரளவுக்குத்தான் "முதல்முறை". வீடு வாங்கும் ஆண்டிலும் அதற்கு முந்திய நான்கு ஆண்டுகளிலும், உங்களுக்கோ உங்கள் துணைவருக்கோ சொந்தமான வேறொரு வீட்டில் நீங்கள் குடியிருந்திருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. சொந்தமாக வைத்திருந்தீர்களா என்பது அல்ல, சொந்தமாக இருந்த வீட்டில் வாழ்ந்தீர்களா என்பதே கேள்வி. பத்து ஆண்டுகளுக்கு முன் வீடு வைத்திருந்து, விற்று, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாடகைக்கு இருந்தவர் மத்திய அரசின் கண்ணில் மீண்டும் "முதல்முறை" ஆகிவிடுகிறார். உங்கள் மனைவி 2017இலிருந்து ஸ்காபரோவில் வாடகை வீட்டில் வாழ்பவர்; கொக்குவில் வீடு அவருக்குச் சொந்தமாக இருந்தாலும் இந்த ஐந்து ஆண்டுக் காலத்தில் அது அவருடைய குடியிருப்பாக இருக்கவில்லை. ஆகவே மத்திய அரசின் சலுகைகள் இருவருக்கும் கிடைக்கும். கோடை விடுமுறையில் ஊருக்குப் போய் அந்த வீட்டிலேயே சில வாரங்கள் தங்கியிருந்தால், அதையும் உங்கள் கணக்காளரிடம் மறைக்காமல் சொல்லி வையுங்கள். விடுமுறைத் தங்கல் என்பது உங்கள் முதன்மை வசிப்பிடத்தை மாற்றுவதில்லை என்றாலும், பின்னாளில் யாராவது கேட்டால் பதில் தயாராக இருப்பது நல்லது.

இதே விதி புதிதாக வந்தவர்களுக்கு எதிராகத் திரும்பும். சென்னையில் தன் சொந்த அடுக்குமாடி வீட்டில் 2023 ஜூன் வரை வாழ்ந்துவிட்டு இங்கே வந்த ஒருவர் 2026இல் வீடு வாங்கினால், முந்திய நான்கு ஆண்டுகளில் 2022உம் 2023உம் அடங்கிவிடுவதால் அவருக்குத் தகுதியில்லை. அவர் சொந்த வீட்டில் வாழ்ந்த ஆண்டுகள் அந்தச் சாளரத்தைவிட்டு வெளியேற 2028 வரை பொறுக்க வேண்டும். வீடு கனடாவுக்கு வெளியே இருந்தது என்பது இந்த இடத்தில் அவருக்கு உதவாது.

ஒன்ராறியோவின் வரையறை இப்படி இளகிய மனம் கொண்டதல்ல. வீடு கைமாறும்போது மாகாணம் காணிக் கைமாற்ற வரி வாங்குகிறது. முதல்முறை வாங்குவோருக்கு அதில் 4,000 டொலர் வரை திருப்பித் தருகிறது. 2017 ஜனவரியிலிருந்து இதுதான் உச்சத் தொகை. ரொறன்ரோ எல்லைக்குள் வாங்கினால் மாநகரமும் தனியாக இன்னொரு கைமாற்ற வரி போடுகிறது, அதில் 4,475 டொலர் வரை திருப்பித் தருகிறது. இந்த இரண்டையும் பெறுவதற்கான நிபந்தனை, வாங்குபவர் உலகின் எந்த மூலையிலும், எந்தக் காலத்திலும், ஒரு வீட்டையோ வீட்டில் ஒரு பங்கையோ சொந்தமாக வைத்திருந்திருக்கக் கூடாது என்பது. அதில் குடியிருந்தாரா என்று யாரும் கேட்பதில்லை. விலைக்கு வாங்கினாரா, நன்கொடையாக வந்ததா, முதுசமாக வந்ததா என்ற வேறுபாடும் இல்லை. அதற்கு மேலும் ஒரு நிபந்தனை உண்டு: வாங்குபவரின் துணைவரும், அவருக்குத் துணைவராக இருக்கும் காலத்தில், எங்கும் ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரராக இருந்திருக்கக் கூடாது.

நம் ஊர் வழக்கத்தை இந்த விதிக்கு அருகில் வைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் பெண்ணுக்குக் கலியாணம் பேசும்போதே வீடும் காணியும் சீதனமாக எழுதப்படுகிறது. பெற்றோர் தம் சீவிய உருத்தை வைத்துக்கொண்டு, தாம் உயிரோடு இருக்கும்வரை அதே வீட்டில் வாழ்ந்தபடி, உறுதியை மகளின் பெயருக்கு மாற்றிக் கொடுக்கிறார்கள். மகள் அந்த வீட்டில் ஒரு நாள்கூடத் தனிக்குடித்தனம் நடத்தாமல் விமானம் ஏறியிருக்கலாம். அவளைப் பொறுத்தவரை அது அம்மாவின் வீடு. ஒன்ராறியோவின் சட்டத்தைப் பொறுத்தவரை அது அவளுடைய வீடு, அவளுடைய முதல் வீடு. ஆண்கள் பக்கம் இது பெரும்பாலும் நேர்வதில்லை, ஆகவே கணவர்மார் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. ஆனால் மனைவியின் சீதன வீட்டால் கணவரின் உரிமையும் போய்விடுகிறது.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: மாகாணத்தின் 4,000 டொலரும் மாநகரத்தின் 4,475 டொலரும் உங்கள் இருவரில் யாருக்கும் கிடைக்காது. கணவரின் பெயரில் மட்டும் வாங்கினாலும் கிடைக்காது. இப்போது அவசர அவசரமாகக் கொக்குவில் வீட்டைத் தங்கையின் பெயருக்கு எழுதிக் கொடுப்பதாலும் பயனில்லை, ஏனென்றால் இன்று சொந்தமா என்பது அல்ல, எப்போதாவது சொந்தமாக இருந்ததா என்பதே கேள்வி. கலியாணத்துக்கு முன்பே அந்த வீட்டை விற்றிருந்தால், மனைவிக்குத் தகுதியில்லாவிட்டாலும் கணவர் கேட்டிருக்கலாம். அந்தக் கட்டம் உங்களுக்குக் கடந்துவிட்டது.

சீதனமாக வந்தது வெறும் காணி மட்டும் என்றால் நிலைமை வேறு. வீடில்லாத காணி வீடாகாது. போரில் இடிந்துபோன வீடுகள்தான் உண்மையிலேயே சிக்கலானவை. உறுதி உங்கள் பெயருக்கு வந்த நாளில் அங்கே குடியிருக்கக்கூடிய வீடு நின்றதா, அல்லது கூரையற்ற சுவரும் பற்றையும் மட்டுமா என்பதில் பதில் தங்கியிருக்கிறது. அப்படியான நிலையில் இருப்பவர்கள் உறுதியின் பிரதியையும் அந்தக் காலத்துப் படங்கள் இருந்தால் அவற்றையும் சட்டத்தரணியிடம் காட்டி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

"கொக்குவில் காணிக் கந்தோரில் போய் ரொறன்ரோக்காரன் பார்க்கவா போகிறான்?" என்று சிலர் கேட்பார்கள். பார்க்காமல் இருக்கலாம். ஆனால் சட்டத்தரணியின் மேசையில் உங்கள் முன் வைக்கப்படும் ஆவணக் கட்டுக்குள், நானும் என் துணைவரும் உலகில் எங்கும் வீடு வைத்திருந்ததில்லை என்ற கூற்று உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கும். அதே கட்டுக்குச் சில வாரங்கள் முன்பு, அடமானக் கடன் எளிதாகக் கிடைக்கட்டும் என்று வங்கியில் நிரப்பிய சொத்து விவரப் படிவத்தில், ஊரிலுள்ள வீடு இத்தனை ஆயிரம் டொலர் பெறும் என்று பெருமையாக எழுதியிருப்பீர்கள். இரண்டு தாள்களிலும் இருப்பது ஒரே கையெழுத்து. பின்னாளில் மாகாணம் அந்தப் பணத்தை வட்டியோடும் தண்டத்தோடும் திருப்பிக் கேட்டால், எனக்குத் தெரியாது என்று சொல்வதற்கு இடமே இருக்காது. 8,475 டொலருக்காக அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள் என்பதே என் ஆலோசனை.

ஊரில் எந்த வீடும் இல்லாத வாசகர்களுக்காக இந்த வரியின் மற்ற விவரங்களையும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வாங்குபவர் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ உள்ளவராக, 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். ஒன்பது மாதத்துக்குள் அந்த வீட்டில் குடியேற வேண்டும். வீடு பதிவான அன்றே கழித்துக்கொள்ளாவிட்டால் பதினெட்டு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வங்கி கேட்டதற்காக ஏற்கெனவே வீடுள்ள தந்தையின் பெயரையும் உறுதியில் சேர்த்தால், திருப்பித் தரும் தொகை முதல்முறை வாங்குபவரின் பங்குக்கு ஏற்பவே கிடைக்கும். ரொறன்ரோவின் வடக்கு எல்லையான ஸ்டீல்ஸ் வீதியைக் கடந்து மார்க்கம் நகருக்குப் போய்விட்டால் மாநகர வரியே கிடையாது. வீதியின் தெற்குப் பக்கத்தில் 620,000 டொலர் வீட்டுக்கு மாகாணத்துக்கு 8,875, மாநகரத்துக்கு இன்னொரு 8,875, மொத்தம் 17,750 டொலர் கட்ட வேண்டும். வடக்குப் பக்கத்தில் அதே விலை வீட்டுக்கு ஒரு 8,875 மட்டுமே. வீடு தேடும்போது பள்ளிக்கூடத்தையும் பேருந்துத் தடத்தையும் விசாரிப்பவர்கள் இந்த வேறுபாட்டை விசாரிப்பதில்லை.

இழந்ததைப் பற்றிப் பேசியது போதும். உங்களுக்குத் திறந்திருக்கும் கதவு ஒன்று இருக்கிறது, அதை இன்னும் தட்டவில்லை என்றே உங்கள் கேள்வியிலிருந்து தெரிகிறது. அது முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கு, வங்கிகளில் எஃப்.எச்.எஸ்.ஏ. என்று சொல்வார்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆண்டுக்கு 8,000 டொலர், வாழ்நாளில் 40,000 டொலர் வரை ஒருவர் இதில் போடலாம். போடும் தொகை உங்கள் வருமானத்திலிருந்து கழிக்கப்படும். வீடு வாங்க எடுக்கும்போது, அது வளர்ந்த பணமும் சேர்த்து, வரியே இல்லை. ஓய்வுகாலச் சேமிப்பான ஆர்.ஆர்.எஸ்.பி.யில் போடும்போது மட்டுமே சலுகை உண்டு, வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் எடுக்கும்போது மட்டுமே சலுகை உண்டு. இதிலோ போகும்போதும் வரும்போதும் சலுகை உண்டு. இதன் தகுதியும் மத்திய அரசின் வரையறைப்படிதான், ஆகவே சீதன வீடு குறுக்கே நிற்காது.

இங்கேதான் வரி வரவுக்கும் வருமானக் கழிவுக்கும் உள்ள வேறுபாடு உங்கள் கைக்காசாக மாறுகிறது. வரி வரவு எல்லோருக்கும் அந்த மிகக் குறைந்த விகிதத்தில்தான் கிடைக்கும். வருமானக் கழிவு உங்கள் வருமானத்தின் உச்சிப் பகுதியைச் சீவுகிறது, ஆகவே அந்த உச்சிக்கு உரிய விகிதத்தில் வரி மிச்சமாகும். ஒன்ராறியோவில் 80,000 டொலர் உழைக்கும் கணவருக்கு மத்திய வரி 20.5 சதவீதமும் மாகாண வரி 9.15 சதவீதமும் சேர்ந்து 29.65 சதவீதம், அவர் போடும் 8,000 டொலருக்கு 2,372 டொலர் வரி குறைகிறது. மனைவிக்கு 14உம் 5.05உம் சேர்ந்து 19.05 சதவீதம், அவருடைய 8,000த்துக்கு 1,524 டொலர். இருவருக்குமாக 3,896 டொலர். ஊரெல்லாம் பேசுகிற பத்தாயிரம் கொடுப்பது 1,400 டொலர்.

இந்தக் கணக்கில் பணம் இத்தனை நாள் கிடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீட்டுக்கான முற்பணம் எப்படியும் உங்கள் சேமிப்புக் கணக்கில்தானே இருக்கிறது? ஆளுக்கு 8,000 டொலரை அதிலிருந்து எடுத்து எஃப்.எச்.எஸ்.ஏ. வழியாக நுழைத்து வெளியே எடுத்தாலே கழிவு கிடைத்துவிடும். கணக்குத் திறப்பதற்கும் பணம் தீர்வாவதற்கும் வங்கி சில நாட்கள் எடுக்கும் என்பதால் இந்த வாரமே போங்கள். எடுக்கும்போது ஆர்.சி.725 என்ற படிவத்தை வங்கியில் கொடுக்க வேண்டும். வீடு வாங்கும் எழுத்து ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது. ஓராண்டுக்குள் அந்த வீட்டில் குடியேறும் எண்ணமும் இருக்க வேண்டும். வீடு கைக்கு வந்து 30 நாட்கள் கடந்த பிறகு எடுத்தால் அது தகுதியான எடுப்பு ஆகாது. எல்லைக்கு மேல் போட்டால் மிகைத் தொகைக்கு மாதம் ஒரு சதவீதம் தண்ட வரி உண்டு, ஆகவே தாராளம் காட்ட வேண்டாம்.

இன்னும் வீடு பார்க்கத் தொடங்காதவர்களுக்கு ஒரு சொல். எஃப்.எச்.எஸ்.ஏ.யில் போடும் உரிமை, கணக்கைத் திறந்த ஆண்டிலிருந்துதான் பிறக்கிறது. திறக்காத ஆண்டுக்கு உரிமை சேராது. திறந்துவிட்டுப் பணம் போடாமல் விட்டால் 8,000 டொலர் வரையான பயன்படுத்தாத உரிமை அடுத்த ஆண்டுக்கு வரும். 2025 டிசம்பரில் நூறு டொலர் போட்டுத் திறந்து வைத்திருந்தால்கூட, நீங்கள் இன்று ஆளுக்கு 15,900 டொலர் போட்டிருக்கலாம். வேலைக்குப் போகத் தொடங்கிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால், வீடு வாங்கும் எண்ணம் இருக்கிறதோ இல்லையோ, ஒரு கணக்கைத் திறக்கச் சொல்லுங்கள். பதினைந்து ஆண்டுக்குள் வீடு வாங்காவிட்டால் அந்தப் பணத்தை வரியில்லாமல் ஆர்.ஆர்.எஸ்.பி.க்கு மாற்றிக்கொள்ளலாம். ஆர்.ஆர்.எஸ்.பி.யில் ஆண்டின் முதல் 60 நாட்களில் போட்டதை முந்திய ஆண்டுக்குக் கணக்கிடலாம் என்ற வசதி இதில் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆர்.ஆர்.எஸ்.பி.யிலிருந்து வீட்டுக்குப் பணம் எடுக்கும் திட்டம் 1992இலிருந்து இருக்கிறது. தொடக்கத்தில் 20,000 டொலராக இருந்த எல்லை, 2024 ஏப்ரல் 16க்குப் பின் ஆளுக்கு 60,000 ஆகிவிட்டது. எஃப்.எச்.எஸ்.ஏ.யும் இதுவும் ஒரே வீட்டுக்குச் சேர்த்துப் பயன்படுத்தலாம். ஆனால் இது உங்கள் முதுமையிடமிருந்து நீங்களே வாங்கும் கடன். பதினைந்து ஆண்டுகளில் திருப்பிப் போட வேண்டும். கணவர் 30,000 எடுத்தால் ஆண்டுக்கு 2,000 டொலர் திருப்பிப் போட வேண்டும், போடாத ஆண்டில் அந்த 2,000 அவருடைய வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். 2022 தொடக்கத்திலிருந்து 2025 முடிவு வரை எடுத்தவர்களுக்குத் திருப்பிப் போடத் தொடங்கும் காலத்தை மூன்று ஆண்டுகள் தள்ளிவைத்தார்கள். 2026இல் எடுப்பவர்கள் பழையபடி 2028இலேயே தொடங்க வேண்டும். போட்ட பணம் 90 நாட்களாவது கணக்கில் கிடந்திருக்க வேண்டும், இல்லையென்றால் போட்டதற்கான கழிவு போய்விடும். உங்களுக்கு இரண்டரை மாதமே இருப்பதால் புதிதாகப் போட்டு எடுக்கும் யோசனை வேண்டாம். அடமானம், வீட்டு வரி, வெப்பச் செலவு என்று புது வீட்டின் முதல் ஆண்டுகள் எப்படி இருக்கும் என்பதை அறிந்தவன் என்ற முறையில், முற்பணத்துக்குக் கட்டாயம் தேவைப்பட்டாலொழிய இதைத் தொடாமல் விடுங்கள் என்பேன்.

நீங்கள் வாங்குவது பழைய வீடு என்பதால் ஜி.எஸ்.டி. பற்றி இங்கே பேசவில்லை. புதிதாகக் கட்டிய வீட்டில்தான் அந்தப் பேச்சு வரும். கட்டி முடியாத கொண்டோ வாங்கியவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: சாவி வாங்கிக் குடிபோய், மாதாமாதம் குடியிருப்புக் கட்டணம் செலுத்திக்கொண்டிருக்கும் இடைக்காலத்தில் வீடு உங்கள் பெயரில் பதிவாகியிருக்காது. 31270ஆம் வரிசையின் வரி வரவை, பெயர் காணிப் பதிவில் ஏறிய ஆண்டுக்கே எழுத வேண்டும்.

வலுவிழப்புக்கான வரி வரவுக்குத் தகுதி பெற்ற ஒருவர், தன் நிலைக்கு வசதியான வீட்டை வாங்கினால், 31270ஆம் வரிசைச் சலுகைக்கு அவர் முதல்முறை வாங்குபவராக இருக்க வேண்டியதே இல்லை. மாடிப்படி ஏற முடியாத பெற்றோருக்காகத் தளவீடு தேடுபவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. நிலவறையை வாடகைக்கு விட்டாலும், மேலே நீங்கள் குடியிருக்கும்வரை இந்தச் சலுகைகளுக்குப் பொதுவாகக் குந்தகமில்லை. முழு வீட்டையும் வாடகைக்கு விட வாங்கினால்தான் எதுவும் கிடைக்காது.

கடைசியாக, உங்கள் சட்டத்தரணியை நாளைக்கே அழைத்து, மனைவியின் பெயரில் ஊரில் வீடு இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுங்கள். முதல்முறை வாங்குபவர்கள் என்று நீங்கள் சொன்னதை நம்பி, கைமாற்ற வரியிலிருந்து 8,475 டொலரைக் கழித்தே அவர் கணக்கு எழுதி வைத்திருப்பார். வீடு கைமாறும் நாளில் 9,275 டொலர் கட்டினால் போதும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நீங்கள், 17,750 டொலர் கட்ட வேண்டியிருக்கும். அந்த வித்தியாசத்தை வங்கி உறுதிக் காசோலையாக எடுத்துக்கொண்டு போக, உங்களுக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது.